அம்மை இரண்டெனக் கண்ட மருத்துவர் அர்-ராஸீ

தமிழில் அம்மை என்னும் சொல் மிக விரிந்த பொருளுடையது. உடல் காய்ந்து, மேனியில் புள்ளியோ கொப்புளமோ தோன்றுமாயின் அதனை அம்மை என்றே நம் முன்னோர் குறித்தனர். பெரியம்மை, சின்னம்மை, தட்டம்மை, மணல்வாரி, வைசூரி என்று அடைமொழியும் மாற்றுப்பெயரும் வழங்கினும், அவை ஊருக்கு ஊர் இடம் மாறி நிற்பதைக் காண்கிறோம். மொழி பயிற்றுவிக்கும் நமக்கு இஃது ஒரு சொல்லாராய்ச்சிச் செய்தி. நோயுற்ற குழந்தையின் தலைமாட்டில் நிற்கும் மருத்துவனுக்கோ உயிர் பற்றிய வினா. வந்திருப்பது எந்த அம்மை? இது கண்ணைக் கெடுக்குமா, மூச்சைத் திணறச் செய்யுமா, தழும்போடு விட்டுப் போகுமா, உயிரையே கொண்டு போகுமா?

இவ்வினாவுக்கு விடை தேடி, பெரியம்மை வேறு, தட்டம்மை வேறு என அடையாளம் பிரித்து முதன்முதலில் தனிநூல் யாத்தவர் அபூபக்ர் முஹம்மது இப்னு ஸகரிய்யா அர்-ராஸீ. ஐரோப்பியர் இவரை ரேஸஸ் என்று அழைத்தனர். நம் கல்லூரி விழா மேடைகளில் இவர் பெயர் அடிக்கடி ஒலிக்கக் கேட்கிறோம். ஆனால் அவர் என்ன கண்டார், எதைக் காணவில்லை என்பதை விரித்துரைப்போர் அரியர். அக்குறையை ஓரளவேனும் நீக்க இக்கட்டுரை முயல்கிறது.

எம் உம்மம்மாவின் முகத்தில் பெரியம்மைத் தழும்புகள் இருந்தன. சிறு வயதில் அவற்றை விரலால் தொட்டுப் பார்த்த நினைவு நமக்கு உண்டு. எம் தந்தையாரின் தலைமுறையினருக்குக் கையில் அம்மைகுத்திய வட்ட வடு இருந்தது. நமக்கு இரண்டும் இல்லை. இன்று நம் வகுப்பில் அமர்ந்திருக்கும் மாணவ மாணவியர்க்குப் பெரியம்மை என்பது அகராதிச் சொல் மட்டுமே. மூன்று தலைமுறைக்குள் நிகழ்ந்த இம்மாற்றத்தின் வரலாற்றுக்கு ஒரு தொடக்கம் தேடினால், அது பாரசீகத்து ரய் நகரில் சென்று நிற்கும்.

இன்றைய ஈரானின் தலைநகர் தெஹ்ரானின் தென்பகுதியில் பழைய ரய் நகரின் இடிபாடுகள் உள்ளன. கலீஃபா ஹாரூன் அர்-ரஷீத் பிறந்த ஊர் அதுவே. கிழக்கே குராஸானுக்கும் மேற்கே பக்தாதுக்கும் செல்லும் வணிகர் கூட்டம் தங்கிச் சென்ற செல்வ நகரம். அவ்வூரார் என்பதால்தான் அவருக்கு அர்-ராஸீ என்னும் பெயர் வந்தது. ஹிஜ்ரி 251ஆம் ஆண்டு ஷஃபான் மாதம், அதாவது கி.பி. 865இல் அவர் பிறந்தார் என்று அல்-பீரூனீ குறித்துள்ளார்.

இளமையில் அவர் மருத்துவர் அல்லர். யாழ் போன்ற நரம்பிசைக் கருவியை மீட்டிப் பாடினார். பின்னர் ரசவாதத்தில் ஈடுபட்டார். உலோகங்களையும் உப்புகளையும் உலையிலிட்டு, வடித்து, பொடித்து, பிரித்து அவர் செய்த வேலைகளை அவருடைய இரசாயன நூல்கள் முறையாக வகைப்படுத்திக் கூறுகின்றன. மருத்துவம் பயிலத் தொடங்கியபோது முப்பது வயதைக் கடந்துவிட்டார் என்பர் வரலாற்றாசிரியர். காலம் கடந்துவிட்டது என்று கைவிடாத அவர் மனத்திண்மையை மட்டும் நாம் வியக்கவில்லை. உலைக்களத்தில் பொருள்களை நிறத்தாலும் எடையாலும் தீயிலிட்டபோது மாறும் தன்மையாலும் பிரித்தறிந்து பழகிய அதே கண்தான் பின்னர் நோயாளியின் மேனியில் தோன்றிய புள்ளிகளையும் பிரித்தறிந்தது என்று நாம் எண்ணுகிறோம்.

ரய் நகரின் மருத்துவமனைக்கும், பின்னர் பக்தாதின் மருத்துவமனைக்கும் அவர் தலைமை ஏற்றார். பீமாரிஸ்தான் என்று பெயர் பெற்ற அம்மனைகள் நோயாளிகள் தங்கி மருத்துவம் பெறும் இடங்கள். பாரசீகத்தில் பீமார் என்றால் நோயுற்றவர். அங்கு அவர் பாடம் நடத்திய முறையை இப்னு அந்-நதீம் தம் அல்-ஃபிஹ்ரிஸ்த் என்னும் நூலில் பதிவு செய்துள்ளார். ஆசிரியரின் முன்னே மாணவர் ஒரு வரிசை, அவர்களுக்கு முன் அவர்களின் மாணவர், அவர்களுக்கும் முன் வேறு மாணவர் என வரிசை வரிசையாக அமர்ந்திருப்பர். வரும் நோயாளி முதலில் வெளி வரிசையாரிடமே தம் துன்பத்தைச் சொல்வார். அவர்கள் அறிந்தால் நன்று; இல்லையேல் அடுத்த வரிசைக்கு அனுப்புவர். எவராலும் இயலாதபோதே ராஸீ வாய் திறப்பார். இன்றைய மருத்துவக் கல்லூரியில் பேராசிரியரைச் சூழ்ந்து மாணவர் நோயாளியின் கட்டிலருகே நிற்கும் காட்சி இதிலிருந்து வெகுதூரம் விலகியதன்று.

அவர் எப்போதும் எழுதிக்கொண்டோ படியெடுத்துக்கொண்டோ இருந்தார் என்றும், ஏழை நோயாளிகளிடம் மிக்க பரிவுடையவராய் அவர்களுக்குப் பொருளுதவியும் செய்தார் என்றும் அதே நூல் கூறுகிறது. மருத்துவரை அழைக்க வழியில்லாதவர்க்கென்றே அவர் ஒரு நூல் எழுதினார்; எளிதில் கிட்டும் உணவுப் பொருள்களையும் மூலிகைகளையும் கொண்டு செய்யும் மருத்துவம் அதில் உள்ளது. மறுபுறம், ரய் நகரின் ஆளுநராய் இருந்த ஸாமானிய மரபினர் மன்ஸூர் இப்னு இஸ்ஹாக்கின் பெயரால் அல்-மன்ஸூரீ என்னும் பத்துப் பகுதி கொண்ட மருத்துவ நூலையும் செய்தார். வறியவர்க்கும் ஆள்வோர்க்கும் ஒரே கை எழுதிற்று.

இனி அம்மை நூலுக்கு வருவோம். கிதாபுல் ஜுதரீ வல் ஹஸ்பா என்பது அதன் பெயர். ஜுதரீ பெரியம்மை, ஹஸ்பா தட்டம்மை. நூல் பிறந்த கதையை ராஸீ தாமே முன்னுரையில் கூறுகிறார். ஓரிரவு, கல்வியைப் போற்றும் செல்வர் ஒருவர் இல்லத்தில் கூடியிருந்தபோது பேச்சு பெரியம்மை பற்றித் திரும்பியது. தமக்குத் தோன்றியவற்றை அவர் அங்கே எடுத்துரைத்தார். கேட்ட செல்வர் இதனை முறைப்பட எழுதித் தருமாறு வேண்ட, 14 இயல்களில் இச்சிறு நூல் உருவாயிற்று.

முதல் இயலிலேயே ஓர் ஆராய்ச்சியாளரின் நேர்மையைக் காண்கிறோம். அக்காலத்தில் மருத்துவம் என்றால் கிரேக்க அறிஞர் காலென். அரபியர் அவரை ஜாலினூஸ் என்பர். காலென் பெரியம்மையைப் பற்றி ஏன் விரிவாகப் பேசவில்லை என்னும் கேள்வி ராஸீயை உறுத்தியது. அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடைத்த குறிப்புகளைத் திரட்டினார். அவை போதா என்று கண்டு, கிரேக்கமும் சிரியாக்கும் அறிந்தவர்களைத் தேடி, மொழிபெயர்க்கப்படாத நூல் எதிலேனும் இதுபற்றி உள்ளதா என்று உசாவினார். இல்லை என்று உறுதியான பின்னரே தம் அனுபவத்தை எழுதப் புகுந்தார். பாட வேறுபாடு தேடிச் சுவடிச் சாலைகளுக்கு அலைந்த நம் பதிப்பாசிரியர்களின் வழக்கத்தை இச்செயல் நமக்கு நினைவூட்டுகிறது. இந்நோயை அவர்தாம் முதலில் கண்டார் என்று சொல்வது பிழை. அலெக்ஸாந்திரியாவைச் சேர்ந்த அஹ்ரூன் என்னும் பாதிரியார் போன்றோர் அவருக்கு முன்னரே குறிப்பிட்டுள்ளனர். அவர்களின் பெயரை மறைக்காமல் ராஸீயே எடுத்துக்காட்டுகிறார்.

நோய்க்குறிகள் பற்றிய இயல்தான் அந்நூலின் உயிர்நிலை. மேனியில் எதுவும் தோன்றுமுன்னரே நோயை அடையாளம் காண அவர் முயல்கிறார். விடாத காய்ச்சல், முதுகுவலி, மூக்கில் அரிப்பு, உறக்கத்தில் திடுக்கிடல், முகமும் கண்ணும் சிவத்தல், தலைபாரம், தொண்டை வலி, மனக்கலக்கம் என அவர் அடுக்குகிறார். அதன்பின் வருவதுதான் முதன்மையானது. முதுகுவலி பெரியம்மைக்கே சிறப்பாக உரியது. தட்டம்மையில் அது குறைவு. குமட்டலும் அமைதியின்மையும் மனத்தவிப்பும் தட்டம்மையில் மிகுதி. பெரியம்மையில் அவ்வளவு இல்லை. இரண்டு நோயிலும் இருப்பனவற்றை ஒருங்கே வைத்து, எது எதில் ஓங்கி நிற்கிறது என்று எடைபோட்டுப் பார்த்த கண் இது.

பின்வந்த மருத்துவ அறிவோடு இதனை ஒப்பிட்டால் அவர் எவ்வளவு நுட்பமாகக் கண்டார் என்பது விளங்கும். பெரியம்மை வைரஸ் உடலுட் புகுந்து 7 முதல் 19 நாள்வரை வெளித்தெரியாமல் இருக்கும். பிறகு கடுங்காய்ச்சல், தலைவலி, எழுந்து நிற்கவும் இயலாத முதுகுவலி. இரண்டு முதல் நான்கு நாள் கழித்து வாயினுள் புள்ளி தோன்றி, முகம், கை, கால், உள்ளங்கை, உள்ளங்கால் என்று கொப்புளம் பரவும். ஒரே இடத்திலுள்ள கொப்புளங்கள் யாவும் ஒரே பருவத்தில் முற்றிச் சீழ்கொண்டு, காய்ந்து, பொருக்குதிர்ந்து, குழித்தழும்பை விட்டுச் செல்லும். கடிய வகைப் பெரியம்மை கண்ட பத்துப் பேரில் மூவர் இறந்தனர். பிழைத்தோரில் சிலர் பார்வை இழந்தனர். ராஸீ முதன்மைக் குறியாகச் சொன்ன அந்த முதுகுவலியை 20ஆம் நூற்றாண்டு மருத்துவ நூல்களும் முதன்மைக் குறியாகவே கூறின.

தட்டம்மை வரும் வழி வேறு. காய்ச்சலோடு இருமல், மூக்கொழுக்கு, கண் சிவந்து நீர் வடிதல் ஆகியவை முதலில் வரும். கன்னத்தின் உட்புறத்தில் உப்புத்துகள் போன்ற வெண்புள்ளிகள் தெரியலாம். அதன்பின் நெற்றியிலும் காதோரத்திலும் தொடங்கிக் கழுத்து, மார்பு, கால் என மேலிருந்து கீழாகச் செந்தடிப்பு இறங்கும். கொப்புளமில்லை, சீழில்லை, தழும்புமில்லை. தழும்பில்லாமையால்தான் இதனை எளிய நோயென்று பலரும் எண்ணி ஏமாறுகின்றனர். நுரையீரல் அழற்சி, வயிற்றுப்போக்கு, காதில் சீழ், அரிதாக மூளையழற்சி என்று இது குழந்தையைக் கொல்லும் வழிகள் பல. உயிர்ச்சத்து ஏ குறைந்த குழந்தையின் கண்ணையும் பறிக்கும். பழைய நோய்களை எதிர்த்துப் போராட உடல் கற்று வைத்திருந்த நினைவையே இது அழித்துவிடுகிறது என்பதும் இப்போது அறியப்பட்டுள்ளது; எனவே தட்டம்மை தேறிய பின்னும் பல மாதம் வேறு நோய்கள் அக்குழந்தையை எளிதில் பற்றும்.

ராஸீயின் மருத்துவத்தில் கண்ணுக்கே முதலிடம். குறி தோன்றியவுடனே கண்ணில் அடிக்கடி பன்னீர் விடச் சொல்கிறார். முகத்தைக் குளிர்ந்த நீரால் பலமுறை கழுவச் சொல்கிறார். சுமாக் கனி ஊறிய பன்னீரையும், கொத்தமல்லிச் சாற்றில் இழைத்த சுர்மாவையும் குறிப்பிடுகிறார். தொண்டைக்கும் காதுக்கும் மூட்டுகளுக்கும் தனித்தனியே காப்பு உண்டு. கொப்புளம் முற்றுதல், காய்தல், பொருக்கு நீக்குதல், வடு மறைத்தல், உணவு, மலப்போக்கு என ஒவ்வொரு கட்டத்துக்கும் ஓர் இயல் வகுத்தார். கடைசி இயல், எவ்வகை நோயாளி பிழைப்பார், எவ்வகையார் பிழைக்கமாட்டார் என்பது. நாடியையும் மூச்சையும் விடாது கவனிக்கும்படி அவர் கூறுவதில், எத்தனை குழந்தைகளின் மரணத்தை அருகிருந்து பார்த்த அனுபவம் இருந்திருக்கும் என்று எண்ணும்போது மனம் கனக்கிறது.

இதுவரை சொன்னவை அவர் கண்டவை. காணாதவற்றையும் சொல்ல வேண்டும்.

நோயின் காரணம் பற்றி அவர் எழுதியது இன்று நில்லாது. குழந்தையின் இரத்தம் பிழிந்தெடுத்த திராட்சைச் சாறு போன்றது. இளைஞனின் இரத்தம் நொதித்து அடங்கிய சாறு போன்றது. முதியவரின் இரத்தமோ வீரியம் போய்ப் புளிப்பேறத் தொடங்கிய பழஞ்சாறு. புதுச்சாறு நொதித்துப் பொங்கியே தீர வேண்டும். அவ்வாறு இரத்தம் பொங்கும்போது வெளிப்படுவதே பெரியம்மை. பித்தம் மிகுந்த இரத்தத்தினின்று தோன்றுவது தட்டம்மை. இதுவே அவர் கொள்கை. ஏறத்தாழ எல்லாக் குழந்தைகளுக்கும் இந்நோய் ஏன் வருகிறது, ஒருமுறை வந்தவர்க்கு ஏன் பெரும்பாலும் மீண்டும் வருவதில்லை என்னும் இரண்டு உண்மைகளுக்கு விளக்கம் தேடி அவர் கட்டிய கருத்து அது. உண்மைகள் சரி, விளக்கம் தவறு. ஒருவரிடமிருந்து மற்றவருக்கு இந்நோய் தாவுகிறது என்பதை இந்நூலில் அவர் காரணமாகக் கொள்ளவில்லை. முன்காப்பாக இரத்தம் எடுக்கச் சொன்னதையும் இன்றைய மருத்துவம் ஏற்காது. இரு நோய்களையும் உறவுடைய ஒரே குடும்பத்தனவாகவே அவர் கருதினார். உண்மையில் இரு வைரஸ்களுக்கும் நெருங்கிய உறவில்லை. சின்னம்மையைப் பெரியம்மையிலிருந்து ஐயமறப் பிரித்துக் காட்ட 1767இல் இங்கிலாந்தின் வில்லியம் ஹெபர்டன் வரவேண்டியிருந்தது.

இவற்றைச் சொல்வது அவர் புகழைக் குறைப்பதாகும் என்று நம் பெரியோர் சிலர் கருதக்கூடும். நாம் அவ்வாறு கருதவில்லை. பக்தாதில் மருத்துவமனைக்கு இடம் தேர்ந்தபோது நகரின் பல பகுதிகளில் இறைச்சித் துண்டுகளைத் தொங்கவிட்டு, எங்கே மெதுவாக அழுகிற்றோ அவ்விடமே ஏற்றது என்று ராஸீ முடிவு செய்ததாக ஒரு கதை உண்டு. அதனைக் கொண்டு அவர் கிருமிகளையே கண்டுபிடித்துவிட்டார் என்று மேடையில் முழங்குவோரும் உளர். கதையைப் பதிவு செய்த 13ஆம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் இப்னு அபீ உஸைபிஆ, அதில் குறிப்பிடப்படும் அழுதீ மருத்துவமனை ராஸீயின் காலத்துக்குப் பிற்பட்டது என்பதை அவரே உணர்ந்து எழுதினார். அம்மனை திறக்கப்பட்டது ராஸீ மறைந்து ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலான பின்னரே. எழுநூற்றாண்டுகளுக்கு முந்திய ஆசிரியர் காட்டிய எச்சரிக்கையை நாம் கைவிட்டது எங்ஙனம்?

பொய்ப்புகழை ராஸீயே விரும்பியிருக்க மாட்டார் என்று எண்ண இடமுண்டு. காலென் மீதான ஐயங்கள் என்னும் பொருளில் அவர் ஒரு நூல் எழுதினார். தம் ஆசானாகவே போற்றிய காலெனின் கூற்றுகளைத் தம் நோயாளிகளோடு ஒப்பிட்டுப் பார்த்து, காய்ச்சல்கள் எப்போதும் அவர் சொன்னபடி நடப்பதில்லை என்று அதில் எழுதத் துணிந்தார். நன்றிக்கடன் வேறு, உண்மை வேறு என்பது அவர் நிலை. மற்றோரிடத்தில், மூளைக்காய்ச்சலின் அறிகுறி தோன்றிய நோயாளிகளுள் ஒரு பிரிவினருக்கு இரத்தம் எடுத்து, மற்றொரு பிரிவினரை வேண்டுமென்றே அவ்வாறு செய்யாமல் விட்டுவைத்து ஒப்பிட்டதாகக் குறித்துள்ளார். அவர் எட்டிய முடிவை இன்று யாரும் ஏற்பதில்லை. ஆயினும் மருந்தின் பயனை அறிய இரு பிரிவினரை ஒப்பிடும் வழக்கத்துக்கு உலகின் மிகப் பழைய சான்றுகளுள் ஒன்றாக அக்குறிப்பு மதிக்கப்படுகிறது.

அவருடைய மெய்யியல் கருத்துகள் சிலவற்றை அக்கால அறிஞர் பலர் கடுமையாக மறுத்தனர். நபித்துவம் பற்றி அவர் கூறியதாகச் சொல்லப்படுபவை பெரும்பாலும் அவரை எதிர்த்து எழுதியோர் நூல்களின் வழியாகவே கிடைக்கின்றன. அவ்வாதத்துள் நாம் புகவில்லை. அவர் கருத்துகளோடு உடன்படாத அல்-பீரூனீயே அவருடைய 184 நூல்களுக்குப் பட்டியல் தயாரித்து வைத்தார் என்பதை மட்டும் சொல்லி அமைகிறோம்.

எழுத்தே அவர் கண்களைப் பறித்தது எனலாம். ஓராண்டில் நுண்ணெழுத்தில் இருபதாயிரம் பக்கங்களுக்கு மேல் எழுதியதாகவும், ஒரு பெருநூலுக்காகப் பதினைந்து ஆண்டு இரவு பகலாய் உழைத்துப் பார்வையும் கைத்தசையும் தளர்ந்ததாகவும், இருந்தும் பிறரைப் படிக்கவும் எழுதவும் வைத்துத் தம் பணியைத் தொடர்வதாகவும் அவர் தம் வாழ்க்கை நெறி பற்றிய சிறு நூலில் குறிக்கிறார். அவித்த அவரையை மிகுதியாக உண்டதே கண் கெடக் காரணம் என்று இப்னு அந்-நதீம் எழுதிவைத்திருப்பது சற்றே புன்னகையை வரவழைக்கிறது. இறுதி நாள்களில் பார்வை முற்றும் மறைந்தது. அறுவை செய்ய வந்த மருத்துவரிடம் கண்ணில் எத்தனை படலங்கள் உள்ளன என்று வினவினார் என்றும், அவர் விடையறியாது நிற்கவே, இவ்வுலகைக் கண்டது போதும் என்று மறுத்துவிட்டார் என்றும் ஒரு செய்தி வழங்குகிறது. நோயாளிகளின் கண்ணைக் காக்க அத்தனை பக்கங்கள் எழுதியவரின் கண் இவ்வாறு போயிற்று. ஹிஜ்ரி 313ஆம் ஆண்டு ஷஃபான் 5இல், கி.பி. 925 அக்டோபரில், பிறந்த ரய் நகரிலேயே அவர் மறைந்தார்.

அவர் விட்டுச்சென்ற குறிப்புக் குவியலை மாணவர்கள் தொகுத்ததே அல்-ஹாவீ என்னும் பெருநூல். அது 1279இல் சிசிலியில் இலத்தீனுக்குப் பெயர்க்கப்பட்டது. அம்மை நூல் 1498இல் இலத்தீனில் அச்சேறியது. 1747இல் இலண்டன் மருத்துவர் ரிச்சர்ட் மீட் அதனைத் தம் நூலோடு இணைத்து வெளியிட்டார். 1766இல் அரபு மூலமே இலண்டனில் அச்சாயிற்று. 1848இல் கிரீன்ஹில் ஆங்கிலத்தில் தந்தார். எண்ணூற்றைம்பது ஆண்டுகளுக்கு முந்திய ஒரு நூலை அன்றைய மருத்துவர் வரலாற்றுக்காக மட்டும் படிக்கவில்லை; நோயாளிக்காகவும் படித்தனர்.

பின்னர் நடந்தவை யாவரும் அறிந்தவை. 1796இல் எட்வர்ட் ஜென்னர் பசுவம்மைப் பாலைக் கொண்டு பெரியம்மையைத் தடுத்தார். அந்நோய்க்கு மனிதனைத் தவிர வேறு புகலிடம் இல்லை. குறிகளோ எவரும் அடையாளம் காணத்தக்கவை. ஆகவே வீடு வீடாகத் தேடி, நோயாளியைச் சுற்றியிருந்தோர்க்கு அம்மைகுத்தி, அதன் வழியை அடைக்க முடிந்தது. இந்தியாவில் கடைசி நோயாளி 1975 மே மாதம் அஸ்ஸாமில் கண்டறியப்பட்டார். இயற்கையாகப் பரவிய பெரியம்மையின் உலகக் கடைசி நோயாளி, 1977 அக்டோபரில் சோமாலியாவின் மெர்கா நகரில் மருத்துவமனைச் சமையற்காரராய் இருந்த அலீ மஆவ் மாலின். ஊசிக்கு அஞ்சி அம்மைகுத்திக்கொள்ளாமல் தப்பி வந்தவர் அவர். பிழைத்தெழுந்த அவர், பிற்காலத்தில் இளம்பிள்ளைவாதத் தடுப்பு மருந்துக்காக ஊர் ஊராய்ச் சென்று தம் கதையையே பெற்றோரிடம் சொன்னார். 2013இல் அப்பணியில் இருந்தபோதே மலேரியாவால் இறந்தார். 1980 மே 8 அன்று பெரியம்மை ஒழிந்ததென உலக சுகாதாரப் பேரவை அறிவித்தது.

ராஸீ பிரித்துக் காட்டிய இரண்டில் ஒன்று இவ்வாறு மறைந்தது. மற்றொன்று மறையவில்லை. தட்டம்மைக்கு 1963 முதல் தடுப்பூசி உண்டு. இருப்பினும் 2023ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறத்தாழ 1,07,500 பேர் இந்நோயால் இறந்தனர். பெரும்பாலோர் ஐந்து வயது நிரம்பாதவர்கள். நோயாளி இருமிவிட்டுச் சென்ற அறையின் காற்றில் இந்த வைரஸ் இரண்டு மணி நேரம்வரை உயிர்ப்புடன் இருக்கும். காப்பில்லாத பத்துப் பேர் நெருங்கிப் பழகின் ஒன்பது பேரைப் பற்றும். தடிப்பு தோன்றுவதற்கு நான்கு நாள் முன்னரே பரவத் தொடங்கிவிடுவதால், தட்டம்மை என்று வீட்டார் அறியுமுன் அது அடுத்த வீட்டை அடைந்திருக்கும். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் இரு தவணை ஊசி போட்டுக்கொண்டாலன்றி இதன் வழி அடைபடாது.

2017 பிப்ரவரியில் தமிழகத்தில் ஒன்பது மாதம் முதல் பதினைந்து வயதுக்குட்பட்டோர்க்குத் தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசி போடப்பட்டபோது கைப்பேசி வழியே என்னென்ன வதந்திகள் பரவின என்பதை நாம் மறக்கவில்லை. நாம் அறிந்த வீடுகளிலேயே பிள்ளையை அன்று பள்ளிக்கு அனுப்பாமல் நிறுத்திய தாய்மார் இருந்தனர். அவர்களுள் ஒருவர், தட்டம்மைதானே, வேப்பிலையில் போய்விடும் என்று நம்மிடம் சொன்னார். அவருக்கு விடை சொல்ல நம்மிடம் புள்ளிவிவரம் எதுவும் அன்று இல்லை. உம்மம்மாவின் முகத்தைப் பற்றிச் சொன்னோம். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒரு முஸ்லிம் மருத்துவர் இவ்விரண்டு நோய்க்கும் சேர்த்தே நூல் எழுதினார், தட்டம்மையைச் சிறிதென்று அவர் தள்ளிவிடவில்லை என்றும் சொன்னோம். அடுத்த வாரம் பிள்ளையை அழைத்துச் சென்று ஊசி போட்டுவந்ததாகப் பிறகு அறிந்தோம்.

1220இல் மங்கோலியர் படையெடுப்பில் ரய் நகர் அழிந்தது. அதன் இடிபாடுகளுக்கு மேற்கே, கரஜ் நகரத்தருகில், 1920களில் ஓர் ஆய்வு நிலையம் எழுந்தது. கால்நடைகளைக் கூட்டங்கூட்டமாக மாய்த்த வெக்கை நோயைத் தடுப்பதற்காகத் தொடங்கப்பட்ட அந்நிலையத்துக்கு ராஸீயின் பெயரையே இட்டனர். அந்த வெக்கை நோயின் வைரஸ்தான் தட்டம்மை வைரஸுக்கு மிக நெருங்கிய உறவு என்பது பின்னர் தெரியவந்தது. 2011இல் வெக்கை நோயும் உலகினின்று ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. இதற்கிடையில், 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், ராஸீ நிலையத்தில் தட்டம்மைத் தடுப்பூசியும் தயாராகி ஈரானியக் குழந்தைகளுக்குச் சென்றது.